வாப்பாவைச் சிவப்புப் பேனையால் வெட்டலாமா?

கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். படிப்பிக்கிறவர்களும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர்களும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

தரம் 6 பிள்ளை ஒன்றின் கட்டுரைக் கொப்பி எங்கள் கைக்கு வந்தது. தலைப்பு 'எனது குடும்பம்'. "எங்கள் வீட்டில் வாப்பா, உம்மா, நானா, தாத்தா, நான் என ஐந்து பேர்" என்று அழகான கையெழுத்தில் தொடங்கியிருந்தாள். திருத்தியவர் சிவப்புப் பேனையால் வாப்பாவை வெட்டி 'தந்தை' என்று எழுதியிருந்தார். உம்மாவை வெட்டி 'தாய்'. நானாவை வெட்டி 'அண்ணன்'. தாத்தாவில் மட்டும் கை வைக்கவில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'வயதில் மூத்தவரை முதலில் எழுதவும்.'

பிள்ளை எங்களிடம் வந்து மெல்லக் கேட்டாள்: "சேர், தாத்தாவுக்கு 17 வயசுதானே. ஏன் முதல்ல எழுதணும்?"

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறோம். எங்கள் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. தோட்டத்துப் பிள்ளைக்குத் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. சிங்களப் பிள்ளைக்குத் தாத்தா என்றால் அப்பாவேதான். ஹட்டன் பஸ் நிலையத்தில் மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் 'தாத்தா' என்று கூப்பிட்டால் ஒரு குமரிப் பிள்ளையும் ஒரு கிழவரும் ஒரு நடுவயது மனிதரும் திரும்பிப் பார்ப்பார்கள். நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. வீட்டில் எல்லாரையும் பிழையான பேர் சொல்லித்தான் இவ்வளவு நாளும் கூப்பிட்டோமோ என்ற யோசனை அவள் முகத்தில் இருந்தது.

அதே கட்டில் இன்னொரு கொப்பி. தோட்டத்திலிருந்து வரும் பையனுடையது. "நேற்று மழை. கொழுந்து குறைவு. அம்மாவுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள்" என்று எழுதியிருந்தான். 'அரைப்பேர்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். மேலே ஒரு கேள்விக்குறி.

ஆசிரியர் அறையில் இதைப் பற்றிக் கதை எழும்பியது. ஒருவர் சொன்னார்: "உங்கட ஆக்கள் கதைக்கிறது தமிழே இல்ல. அது வேற பாஷை." எங்கள் பக்கத்து இளம் ஆசிரியர் ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை: "ஓம், வேற பாஷைதான். சோனகத் தமிழ் என்று தனியாக அறிவித்துவிட்டால் யாரும் வெட்ட மாட்டார்கள்." ஒருவர் இழிவாகச் சொன்னார், மற்றவர் ரோஷத்தோடு சொன்னார். இரண்டு பேரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான். அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில், வேறு பாஷை என்று எப்போது சொல்வது? ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காவிட்டால் வேறு மொழி, விளங்கினால் ஒரே மொழி என்று நாமெல்லாம் நினைக்கிறோம். உலகம் அப்படி நடக்கவில்லை. ஜெர்மன் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்துக்காரர் வீட்டில் பேசும் ஜெர்மனை வட ஜெர்மனியில் உள்ளவர் பழக்கமில்லாமல் விளங்கிக்கொள்வது கடினம். இருந்தும் அது ஜெர்மனின் ஒரு வழக்கு என்றுதான் சொல்லப்படுகிறது. சுவிஸ் பிள்ளைகள் பாடசாலையில் எழுதுவது பொது ஜெர்மன். பக்கத்தில் லக்ஸம்பர்க் என்றொரு குட்டி நாடு. அங்கே பேசுவதும், மோசல் ஆற்றுக்கு அக்கரையில் ஜெர்மனிக்குள் பேசுவதும் ஒரே வகைப் பேச்சு. 1984இல் லக்ஸம்பர்க் சட்டம் போட்டுத் தன் பேச்சைத் தேசிய மொழி ஆக்கியது. ஆற்றுக்கு இக்கரையில் மொழி, அக்கரையில் வட்டார வழக்கு. ஆற்றுத் தண்ணீரா அதைப் பிரித்தது? சட்டம் பிரித்தது. ஜெர்மனியின் வடக்கே பேசும் தாழ்நில ஜெர்மனுக்குச் சிறுபான்மை, வட்டார மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தில் இடம் கிடைத்தது. தெற்கே பவேரியாவின் பேச்சுக்கு அந்த இடம் இல்லை.

படையும் கப்பலும் உள்ள வழக்குக்குத்தான் மொழி என்று பேர் என்றொரு கூற்று உலகம் முழுக்கப் பிரபலம். யித்திஷ் மொழியறிஞர் மாக்ஸ் வைன்ரைக் 1945இல் அதை அச்சில் கொண்டுவந்தார். ஆனால் அது அவருடைய சொந்தச் சொல் இல்லை. அவருடைய விரிவுரையைக் கேட்க வந்திருந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் சொன்னது. நம்மைப் போல் யாரோ ஒருவர், கொப்பி திருத்தித் திருத்திக் கண்டுபிடித்திருப்பார்.

இதை நமக்குப் படிப்பிக்க ஐரோப்பா தேவையே இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழி என்று சட்டம் வந்தது. தமிழும் ஓர் அரச கரும மொழி என்பது 13ஆவது திருத்தத்தோடு 1987இல்தான் வந்தது. இடையில் இருந்த 31 வருடமும் தமிழ் மொழியாக இல்லாமல் போய்விட்டதா? ஆக, ஒரு பேச்சு மொழியா இல்லையா என்பதில் இலக்கணத்துக்கு ஒரு பங்கு, அதிகாரத்துக்கு இன்னொரு பங்கு.

சரி, இலக்கணத்தையே பார்ப்போம். மத்திய மலைநாட்டிலும் தெற்கிலும் நம்மவர் வீடுகள் பலவற்றில் "நான் போன, நீ போன, அவன் போன" என்றுதான் வரும். போனேன், போனாய், போனான் என்று விகுதி மாறுவதில்லை. 'இருக்கிறது' என்பது 'ஈக்கி' ஆகும். தமிழ் ஆசிரியருக்கு இதைக் கேட்டால் காது கூசும். திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி தமிழ் வினைமுற்றின் முதுகெலும்பு என்று நாங்களே கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிறோம். ஆனால் மலையாளத்தைக் கேட்டுப் பாருங்கள். ஞான் போயி, நீ போயி, அவன் போயி. அங்கும் விகுதி இல்லை. பேச்சுச் சிங்களத்திலும் அப்படித்தான்: மம கியா, எயா கியா, அபி கியா. விகுதி இல்லாத மலையாளம் செம்மொழி. விகுதி இல்லாத உம்மாவின் தமிழ் மட்டும் பிழை. இது இலக்கணத் தீர்ப்பா, ஆளைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பா?

இன்னொரு பக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் 'உது', 'உவன்' என்று இன்றும் பேசுகிறார்கள். பழந்தமிழின் மிச்சம் என்று அதை எல்லாரும் போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். எங்கள் குசினியில் குழம்புக்கு 'ஆணம்' என்று பேர். அதுவும் தமிழ் அகராதியில் உள்ள சொல்தான். அதைச் சொன்னால் மட்டும் ஏன் வகுப்பு சிரிக்கிறது? மார்க்கத்தின் அடிப்படைச் சொற்களைப் பாருங்கள். வட இந்தியாவில் நமாஸ், ரோஸா என்று பாரசீகச் சொல் புழங்குகிறது. நாங்கள் தொழுகை என்கிறோம், நோன்பு என்கிறோம், பள்ளி என்கிறோம், குர்ஆன் ஓதுகிறோம் என்கிறோம். அல்லாஹ்வை வணங்கும் வேலைக்கே தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொண்ட சமூகத்தைப் பார்த்து, 'நீங்கள் பேசுவது தமிழே இல்லை' என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

அப்படியானால் இளம் ஆசிரியர் சொன்னது போல் தனி மொழி என்று அறிவித்துவிடலாமா? இங்கே கொஞ்சம் வரலாறு தேவை.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் சோனகர் இனவியல் பற்றி ஒரு கட்டுரை படித்தார். சோனகர் தமிழ் பேசுகிறார்கள், ஆகவே இனத்தால் தமிழரே என்பது அவருடைய வாதம். சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் பேசப்பட்ட காலம் அது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதினார். பேசும் மொழி ஒன்று என்பதால் இனம் ஒன்றாகிவிடாது என்பது அந்த மறுப்பின் அடிநாதம். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இன்னும் நம்மில் பலர் அந்தப் பழைய முடிச்சுக்குள்தான் நிற்கிறோம். 'மொழி ஒன்றென்றால் இனமும் ஒன்று' என்று ஒரு பக்கம் இழுக்கிறது. அதற்குப் பயந்து 'இனம் வேறென்றால் மொழியும் வேறாக இருக்க வேண்டும்' என்று மறு பக்கம் இழுக்கிறது. இரண்டு இழுவைக்கும் ஒரே கயிறு. ஒஸ்ரியாக்காரர் பேசுவது ஜெர்மன், ஆனால் அவர் ஜெர்மானியர் இல்லை. அந்த அளவு இடம் நமக்கும் உண்டு. நாங்கள் முஸ்லிம்கள், எங்கள் மொழி தமிழ். இதில் ஒரு முரண்பாடும் இல்லை.

எழுத்தாலும் நாம் பிரிந்து போகவில்லை. ஹிந்தியும் உருதுவும் தெருப் பேச்சில் பெரும்பாலும் ஒன்று. எழுத்து வேறாகி, இரண்டு மொழி என்று பேர் வந்து, பிறகு இரண்டு நாட்டு அரசியலிலும் ஏறியது. நம் மூத்தோரும் அறபு எழுத்தில் தமிழை எழுதினார்கள். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புதிய எழுத்தடையாளங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேர் என்ன? அறபுத்தமிழ். பேரிலேயே தமிழை விடவில்லை. கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தொடங்கினார், தமிழில். 1885இல் நாவல் எழுதினார், அதுவும் தமிழில். தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்று நம் மலைநாட்டு முஸ்லிம் ஒருவரின் கையால் எழுதப்பட்டது. இந்தச் சொத்தில் நமக்குப் பங்கு இருக்கும்போது நாமே ஏன் வெளியே போய் நிற்க வேண்டும்?

பக்கத்து வீட்டுப் பாடமும் ஒன்று உண்டு. மலைநாட்டில் நம்மோடு ஒரே பள்ளியில் தொழுகிற மலாய்க் குடும்பங்கள் இருக்கின்றன. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 44,000 பேர். இவர்களுடைய மூத்தோர் பலர் ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் படைவீரராக வந்தவர்கள். 1873இல் சிலோன் ரைபிள் ரெஜிமென்ட் கலைக்கப்பட்ட பின் பொலிஸுக்கும் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போனவர்கள் நிறைய. அவர்களுடைய மலாயில் வினைச்சொல் வசனத்தின் கடைசிக்கு வந்துவிட்டது. வேற்றுமை உருபு, நம் தமிழைப் போலவும் சிங்களத்தைப் போலவும், பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. மலேசியாக்காரர் கேட்டால் திகைத்துப் போவார். மலைநாட்டு மலாய்க்கென்றே தனியாக ஓர் இலக்கண ஆய்வு 2009இல் செபஸ்தியன் நோர்டொஃப் என்பவரால் எழுதப்பட்டது. தனி மொழி என்று சொல்வதற்கு எங்களுடைய தமிழை விட அவர்களுக்குத்தான் நியாயம் அதிகம். ஆனால் அந்த வீடுகளில் என்ன நடக்கிறது? 'எங்கட மலாய் உடைஞ்ச மலாய்' என்று பெரியவர்கள் பிள்ளைகளிடமே சொல்கிறார்கள். மலேசிய மலாயைப் படிப்பிப்போம் என்கிறார்கள் சிலர். இடையில் பிள்ளைகள் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விடுகிறார்கள். ஒரு பேச்சுக்குத் தனி மொழி என்ற பட்டம் கிடைக்காததால் வருகிற நட்டத்தை விட, அது உடைந்தது என்று வீட்டுக்குள்ளேயே நம்பிவிடுவதால் வருகிற நட்டம் பெரிது.

இப்போது அந்தத் தோட்டத்துப் பையனிடம் வருவோம். அவனுடைய பிரச்சினை நம்முடையதை விட ஆழமானது.

1820களிலிருந்து தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் பரம்பரை அது. 2023இல்தான் மலையகம் 200 என்று நினைவு நடை எல்லாம் நடந்தது. 1948இல் அவர்களுடைய குடியுரிமை பறிபோனது. 2012 கணக்கெடுப்பிலும் 8 லட்சத்து 39 ஆயிரம் பேர் 'இந்தியத் தமிழர்' என்றே பதியப்பட்டார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். அங்கே அவர்களுக்குப் பேர் 'சிலோன்காரங்க'. ஒரே பேச்சு. இங்கே வைத்தால் இந்தியா, அங்கே வைத்தால் சிலோன். பேச்சுக்குப் பேர் வைக்கிறவர் அந்தப் பேச்சைக் கேட்டு வைப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்தப் பேச்சில் ஒரு முழு உலகம் இருக்கிறது. காலையில் பிரட்டுக்குப் போவார்கள். மலைக்குப் போவது என்றால் வேலைக்குப் போவது. மேல் பிரிவு மேக்கணக்கு, கீழ்ப் பிரிவு பணியகணக்கு. பாலர் பராமரிப்பு நிலையம் பிள்ளைக்காம்பரா. கொழுந்து எடுக்கும் மட்டத்தைப் பார்க்க மட்டக்கம்பு. இடுப்பில் கட்டுவது படங்கு. ஒரு நாள் வேலை செக்ரோலில் விழுந்தால் ஒரு பேர். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர்.

அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் இருந்த சொல் அதுதான். திருத்தியவர் விசாரித்திருந்தால் 'அரைநாள் சம்பளம்' என்று மாற்றி எழுதியிருப்பார். பொருள் சரி. ஆனால் நாள் முழுக்க மழையில் நின்ற தாயின் பேர், கிலோ குறைந்ததால் பாதியாகிப் போனது என்கிற அந்தப் பிள்ளையின் செய்தி 'அரைநாள் சம்பள'த்தில் வராது. அந்தக் கட்டுரையில் இருந்த ஒரே உயிருள்ள சொல்லுக்குத்தான் அவன் கேள்விக்குறி வாங்கினான்.

இந்த இடத்தில் எங்களையும் நாங்கள் தப்பவிட முடியாது. கல்வியியற் கல்லூரிக் காலத்தில் விடுதியில் ஒருவருடைய பேச்சை ஒருவர் பகிடி பண்ணுவது தினசரி வேலை. எங்களைப் பார்த்து 'நானா, ஈக்கிதா?' என்பார்கள். எங்களுக்குக் கோபம் வரும். ஆனால் தோட்டத்துத் தோழரை யாராவது 'தோட்டக்காட்டான்' என்றால் நாங்களும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். டவுனில் கடை வைத்திருந்த நம் குடும்பங்களிலும் அந்தச் சொல் புழங்கியிருக்கிறது. மிதிபட்டவன் தனக்குக் கீழே ஒருவனைத் தேடுகிற புத்தி அது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும், அந்த நண்பர்களும் மன்னிக்க வேண்டும்.

இந்த வழக்கு ஒன்றும் புதிதில்லை. 1960களின் தொடக்கத்தில் நம் நாட்டில் மரபுப் போராட்டம் என்று ஒன்று நடந்தது. கதைகளில் சாதாரண சனங்களின் பேச்சை எழுதுவது இழிசனர் வழக்கு என்று பண்டிதர் சிலர் ஏசினார்கள். எழுத்தாளர்கள் பின்வாங்கவில்லை. மலையகத்தில் என்.எஸ்.எம். இராமையாவும் தெளிவத்தை ஜோசப்பும் லயத்துப் பேச்சை அப்படியே கதைக்குள் கொண்டுவந்தார்கள். தெளிவத்தைக்கு 2013இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது. விருது கொடுக்க ஏற்ற தமிழ், கட்டுரைக் கொப்பிக்கு ஏற்றதில்லையா?

இதையெல்லாம் விடப் பழையவர் தொல்காப்பியர். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கு வகை சொன்னார். அதில் திசைச்சொல் என்பது அந்தந்த நிலத்தார் பேசும் சொல். நமக்குக் கிடைத்த முதல் இலக்கண நூலே அதற்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நாங்கள்தான் வாசலில் நின்று சிவப்புப் பேனையை நீட்டுகிறோம்.

ஒரு நியாயமான கேள்வி வரும். "இப்படியே விட்டால் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் என்ன எழுதும்?" சரியான கேள்விதான். எழுத்துத் தமிழைப் படிப்பிக்காமல் விடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். உயர்தரம், பல்கலைக்கழகம், அரச உத்தியோகம், ஒரு முறைப்பாட்டுக் கடிதம், எல்லாவற்றுக்கும் அது வேண்டும். வசதியுள்ள பிள்ளை வேறெங்காவது கற்றுக்கொள்ளும். லயத்துப் பிள்ளைக்குப் பாடசாலையை விட்டால் வேறு இடம் இல்லை. ஆகவே 'போனேன், போனாய், போனான்' கட்டாயம் படிப்பிக்க வேண்டும். ஆனால் ஒன்றைப் படிப்பிக்க மற்றதை வெட்ட வேண்டியதில்லை. சுவிஸ் பிள்ளை வீட்டில் ஒன்றும் கொப்பியில் ஒன்றுமாக இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வளர்கிறது.

எங்கள் வகுப்பில் நாங்கள் இப்போது செய்வது சின்ன வேலைதான். வெட்டுவதில்லை. வீட்டுச் சொல்லின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் பொதுச் சொல்லை எழுதுகிறோம். உறவுப் பெயரைத் தொடுவதே இல்லை. வாப்பா வாப்பாதான், உம்மா உம்மாதான். வினைமுற்று விகுதியை மட்டும் கட்டாயம் திருத்துகிறோம், ஏன் திருத்துகிறோம் என்றும் சொல்கிறோம். சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கிறோம். வீட்டில் பேசும் சொல் ஒரு பக்கம், புத்தகச் சொல் மறு பக்கம். 'தாத்தா'வுக்கு மட்டும் மூன்று வரி தேவைப்பட்டது. பிரட்டு என்றால் என்ன என்று தோட்டத்துப் பிள்ளைகள் டவுன் பிள்ளைகளுக்கு விளக்குகிறார்கள். அந்த ஐந்து நிமிடமாவது அவர்கள் வகுப்பில் வாத்தியார். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொண்டிருந்த அந்தப் பையன் 'மட்டக்கம்பு' எப்படிப் பிடிப்பது என்று முன்னால் வந்து நின்று காட்டினான்.

இனி எங்கள் முடிவு. நாங்கள் பேசுவது தனி மொழி இல்லை. தமிழ். தோட்டத்தில் பேசுவதும் தமிழ். தனி மொழி என்று யாராவது பட்டம் தந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வோம், ஏனென்றால் இருக்கிற வீட்டில் நமக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த வீட்டில் எங்களை விறாந்தையில் மட்டும் இருத்தி வைக்க முடியாது. தமிழில் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் வெளியே. 'நாம்' என்றால் அவரும் உள்ளே. ஆசிரியர் அறையில் இந்தக் கதை வரும்போது நாமெல்லாம் இரண்டாவது சொல்லைப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை கொப்பிக் கட்டைத் தூக்கும்போது விளங்காத சொல் வந்தால், பேனையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு தரம் கேளுங்கள். பெற்றோரே, 'எங்கட பேச்சு சரியில்லை' என்று பிள்ளைக்கு முன்னால் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் மட்டும் புழங்கும் சொற்கள் இருந்தால் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். சுவரில் இன்னும் இடம் இருக்கிறது.

அந்தப் பிள்ளையின் கொப்பியில் சிவப்பு அப்படியே இருக்கிறது. அழிக்க முடியாது. அடுத்த பக்கத்தில் அவளைக் கொண்டு முதல் வசனத்தைத் திரும்ப எழுத வைத்தோம். வாப்பா, உம்மா, நானா, தாத்தா, நான். அதே வரிசையில்.